காஞ்சியில் அச்சான தாள்

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை பற்றிய வரிகளைத்தான் தேடுவார்கள். அந்த வரிகளுக்கு வருமுன் மெய்க்கீர்த்தியைக் கடந்தாக வேண்டும். சாளுக்கியரை எங்கெங்கே வென்றான் என்ற புகழ் முதலில். மருத்துவமனைச் செய்தி பிறகுதான். அரசியல்வாதி தன் சேதியை எங்கே வைக்க வேண்டும் என்று சோழனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஆள்தான் ஆற்றங்கரைக்கு வர வேண்டும், கல் எங்கும் போகாது.

ஆளைத் தேடிப் போகும் எழுத்து பக்கத்து ஊரிலிருந்தே கிளம்பியது. 1942 மார்ச் 8 அன்று காஞ்சிபுரத்தில் ‘திராவிட நாடு’ வார இதழ் பிறந்தது. ஆசிரியர் சி.என். அண்ணாதுரைக்கு வயது 32. பெரியாரின் ‘விடுதலை’, ‘குடி அரசு’ இரண்டிலும் வேலை பார்த்த கை அது. அரசியலுக்குப் பத்திரிகை வேண்டும் என்பதும் புதிதல்ல, ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ தொடங்கியது 1882இல்.

புதிது, அந்தத் தாள் போய்ச் சேர்ந்த இடம். டீக்கடை, முடிதிருத்தகம், கட்சிக்காரர்கள் கூரை வேய்ந்து நடத்திய படிப்பகம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். ஒரு பிரதி விற்றால் ஒரு வாசகர் என்ற கணக்கு இங்கே செல்லாது. அண்ணாவின் வாக்கியங்கள் மேடைப் பேச்சுபோல அடுக்கிக்கொண்டு போவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. காதால் கேட்பவனுக்கு எழுதியவர் வேறெப்படி எழுதுவார்? அவருடைய ‘ரங்கோன் ராதா’ கதையும் இதில் தொடராக வந்ததுதான், கொள்கை சலித்தவனைக் கதை பிடித்து வைத்தது.

தாள் போன வழியிலேயே எழுத்து திரும்பியும் வந்தது. அதே 1942இல் திருவாரூர்ப் பையன் ஒருவன் ‘இளமைப்பலி’ என்று கட்டுரை அனுப்பினான், வெளியானது. திருவாரூருக்கு வந்தபோது அவனை வரச் சொல்லிப் பார்த்த அண்ணா, முதலில் படிப்பைக் கவனி என்றார். மு. கருணாநிதி கேட்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாக அச்சிட்டார்.

இதழின் உண்மையான பலம் தெரிந்தது தன் தலைவரோடு மோதியபோது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். இன்ப நாள் என்று அண்ணா இதழிலேயே மறுத்தார். 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காதவர்களின் குரல் ‘கண்ணீர்த்துளிகள்’ என்ற தலைப்பில் வாரந்தோறும் அச்சேறியது. செப்டம்பர் 17 அன்று தி.மு.க. தொடங்கியபோது யார் எந்தப் பக்கம் என்பது ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

1955 முதல் ‘தம்பிக்கு’ எழுதிய கடிதங்கள் வந்தன. பெரிய தினசரிகள் காங்கிரஸ் பக்கம் இருந்த காலம் அது. ஊர் ஊராகத் தன்னை அண்ணனாக நினைத்தவர்களைக் கடிதத்தாலேயே சேர்த்துக்கொண்டார். இதில் ஒரு வசதியும் உண்டு. அண்ணனை எதிர்த்துத் தம்பி எப்படிப் பேசுவான்?

‘திராவிட நாடு’ நின்றபின் 1964இல் ‘காஞ்சி’ வந்தது, கடிதங்கள் அதற்கு இடம் மாறின. அண்ணாவுக்குப் பிறகும் அந்த வடிவம் ஓயவில்லை. ‘உடன்பிறப்பே’ என்று விளித்து, முரசொலியில் பல பத்தாண்டுகள் அதைத் தொடர்ந்தவர், படிப்பைக் கவனி என்று சொல்லப்பட்ட அந்தத் திருவாரூர்ப் பையன்.