சென்னை மாகாணத்தில் தண்டலும் காவலும்: 1816–1859

வரி தண்டுவோனும் குற்றம் விசாரிப்போனும் ஒருவனேயாயின் குடிகள் எவரிடம் முறையிடுவர்? சென்னை மாகாண ஆட்சியில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக விடையின்றி நின்ற இவ்வினாவை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1802-ஆம் ஆண்டுச் சட்டங்கள் காவலதிகாரத்தை மாவட்ட நீதிபதியிடம் ஒப்படைத்திருந்தன; அவர்க்குக் கீழ்த் தாரோகாக்கள் பணிபுரிந்தனர். இம்முறை நாட்டின் பழைய ஊராட்சி மரபிற்கு ஒவ்வாதது எனத் தாமஸ் மன்றோ கருதினார். அவர்தம் முயற்சியால் 1816-இல் பிறந்த பதினோராம் சட்டம், தாரோகா முறையை ஒழித்துக் காவலைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த்தலைவர் ஆகியோரிடம் சேர்த்தது. ஊர்மரபைப் பேணும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், வரியும் காவலும் ஒரு கையில் சேர்ந்தமையால் நேர்ந்த தீங்கு பெரிது. நிலுவை வரியைப் பெறுதற்கும், திருட்டை ஒப்புக்கொள்ளச் செய்தற்கும் ஒரே அலுவலர் அடக்குமுறையைக் கையாண்டனர்.

இக்கொடுமையை வெளிப்படுத்தியது மாகாண அரசன்று. 1854-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வினா எழுந்த பின்னரே சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1855-இல் அக்குழு அளித்த அறிக்கை, சித்திரவதை நிகழ்ந்தமையை உறுதி செய்தது. விரல்களை நெரிக்கும் ‘கிட்டி’யும், உடலை வளைத்துக் கட்டும் ‘அண்ணாந்தா’ளும் தமிழ்ச் சொற்களாகவே அவ்வாங்கில அறிக்கையில் இடம்பெற்றுள்ளன.

ஐரோப்பிய அலுவலர் இதற்கு உடந்தையல்லர் என்று குழுவினர் கூறினர். ஆயின், குற்றஞ்சாட்டப்பட்ட தாசில்தாரின் மேலலுவலராகிய கலெக்டரே முறையீட்டைக் கேட்கும் மாஜிஸ்டிரேட்டாகவும் இருந்தார். ஆதலின் அம்முடிபு முழுதும் ஏற்கத்தக்கதன்று என்பது நம் கருத்து.

1859-ஆம் ஆண்டின் இருபத்துநான்காம் சட்டம் காவலை வருவாய்த்துறையினின்றும் பிரித்தது. வில்லியம் ராபின்சன் புதிய துறையின் முதல் தலைவரானார். எனினும், கலெக்டரின் மாஜிஸ்டிரேட் அதிகாரம் நீங்கவில்லை. விடுதலைக்குப் பின்னர்ச் சென்னை மாநிலத்தில் படிப்படியாகத் தொடங்கிய நீதி–நிருவாகப் பிரிவினை, 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தால் நாடளாவிய நெறியாயிற்று. 1816-இல் ஓராணையால் சேர்ந்த அதிகாரங்களைப் பிரித்தற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது என்பதே இவ்வரலாற்றால் நாம் அறியத்தகுவது.