கழுகின் காது

உங்கள் வீட்டுப் பையனைக் கேளுங்கள், 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' தெரியும் என்பான். 2015 கடைசியில் யூபிசாஃப்ட் வெளியிட்ட வீடியோ கேம். ஐந்து பேர் கட்டடத்துக்குள் காவல், ஐந்து பேர் வெளியிலிருந்து முற்றுகை. முற்றுகை கோஷ்டியில் மோனிகா வெய்ஸ் என்று ஒருத்தி உண்டு. ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி. 9 அதிரடிப்படைக்காரி என்பது கதை. பட்டப்பெயர் ஐ.க்யூ. கையில் கட்டிய கருவியைத் தூக்கிப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒளித்து வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் சமாசாரமெல்லாம் தெரிந்துவிடும். ஒரே தொல்லை, பார்க்கிற நேரத்தில் பெரிய துப்பாக்கியைத் தூக்க முடியாது. கைத்துப்பாக்கி மட்டும்தான்.

சரி, மின்சாரமே இல்லாத ஒட்டுக்கேட்புக் கருவி ஒன்று இருந்தால் அவள் என்ன செய்வாள்?

இருந்தது சார். ஏழு வருஷம், அமெரிக்கத் தூதரின் சொந்த அறையிலேயே.

ஆகஸ்ட் 1945. சோவியத் யூனியனும் அமெரிக்காவும் அப்போது தோழர்கள். மாஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள், தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. நடுவில் கம்பீரமாக ஒரு கழுகு. பிள்ளைகள் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்? தூதரின் இல்லமான ஸ்பாஸோ ஹவுஸில், அவர் வேலை செய்யும் அறையிலேயே மாட்டிவிட்டார்கள். ஹாரிமன் போனார். அடுத்து இரண்டு தூதர்கள் வந்து போனார்கள். கழுகு மட்டும் அங்கேயே இருந்தது.

அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன உலோகக் குப்பி, மெல்லிய தகடு, ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் ரேடியோ அலையை அனுப்பவேண்டும். அறையில் யாராவது பேசினால் தகடு அதிரும். திரும்பி வரும் அலையில் அந்த அதிர்வும் சேர்ந்துவிடும். அலையை நிறுத்திவிட்டால்? வெறும் தகரம். நீங்கள் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. தேடினார்கள், கிடைக்கவில்லை.

செய்தவர் லியோன் தெரமின். தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி ஒன்றைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர். பிற்பாடு ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்தது. கைதி விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் போட்டார்கள். அவர் அங்கே செய்து கொடுத்த காதுதான் இது. சிறையில் வைத்தவர்களே அப்புறம் ஸ்டாலின் பரிசும் கொடுத்தார்கள். என்ன சொல்ல!

காட்டிக்கொடுத்தது அந்த ரேடியோ அலைதான். 1951-ல் பிரிட்டிஷ் ரேடியோக்காரர் ஒருவர் காதில், மாஸ்கோவில் இருந்த தங்கள் அதிகாரியின் பேச்சே தற்செயலாக விழுந்தது. அடுத்த வருஷம் அமெரிக்கர்கள் உஷாரானார்கள். அப்போதைய தூதர் ஜார்ஜ் கென்னன் தன் அறையில் உட்கார்ந்து, பழைய அரசாங்கக் கடிதம் ஒன்றை முக்கியமான ரகசியம்போலச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நடிப்புதான். ஜோசப் பெஸ்ஜியன் என்ற நிபுணர் ரிசீவரோடு வீட்டைச் சுற்றிவந்தார். தூதரின் குரல் ரிசீவரில் கேட்டது! சமிக்ஞை எங்கே கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், கழுகு இருந்த மூலை. முதலில் அதை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைச் சுத்தியலால் உடைத்தார்கள். ஒன்றுமில்லை. அடுத்த அடி கழுகுக்கே.

மே 1960-ல் அமெரிக்க உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்திய சோவியத் யூனியன் ஐ.நா.வில் நியாயம் கேட்டபோது, ஹென்றி கேபட் லாட்ஜ் இந்தக் கழுகைத் தூக்கிக் காட்டினார். 'நீங்கள் மட்டும் யோக்கியமா?'

பிறகு வந்த நான்-லீனியர் ஜங்ஷன் டிடெக்டர் நம் ஐ.க்யூ.வின் கருவிக்குக் கிட்டத்தட்ட அண்ணன் மாதிரி. டயோடு, டிரான்சிஸ்டர் எதுவானாலும், அணைத்து வைத்திருந்தாலும் கண்டுபிடிக்கும். தெரமினின் குப்பியில் இரண்டுமே இல்லை. இவரிடமிருந்தும் தப்பியிருக்கும்!

மாஸ்கோவில் அமெரிக்காவின் புதிய தூதரகக் கட்டட வேலை 1979-ல் ஆரம்பித்தது. கட்டியவர்கள் சோவியத் தொழிலாளர்கள். சுவருக்குள் கருவிகள் இருப்பது தெரிந்து 1985-ல் வேலையை நிறுத்தினார்கள். தேடுகிறவர்களைக் குழப்புவதற்கென்றே கான்கிரீட்டில் டயோடுகளைக் கலந்திருந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஐ.க்யூ. அங்கே கையைத் தூக்கியிருந்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னியிருக்கும். கடைசியில் மேல்மாடிகளைப் பிரித்துப்போட்டு, அமெரிக்காவிலிருந்தே ஆட்களைக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். குடிபோகும்போது வருஷம் 2000. சோவியத் யூனியனே அப்போது இல்லை.