நியூட்ரானும் காந்தமும்



காரைக்குடியை அடுத்த கண்டனூரில் பள்ளி மாணவன் ஒருவன் காந்தத் துண்டின்மேல் காகிதத்தை விரித்து இரும்புத் தூளைத் தூவுகிறான் என்று கொள்வோம். தூள் வளைகோடுகளாக அணிவகுக்கும். காந்தத்தின் புறச் செயல் இங்ஙனம் கண்ணுக்குப் புலனாகும். அதனுள்ளே அணுதோறும் உறையும் நுண்காந்தங்கள் எத்திசை நோக்கி நிற்கின்றன? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றில் நம் நாட்டினர்க்கும் பங்குண்டு.

1932-இல் சாட்விக் கண்டறிந்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆதலின் அது பொருளுக்குள் ஆழச் செல்லும். அதுவே ஒரு நுண்காந்தமும் ஆகும். அணுவுலையினின்று வரும் நியூட்ரான்களின் முனைகள் பல திசைகளை நோக்கியிருக்கும். காந்தமேற்றிய கோபால்ட்-இரும்புப் படிகத்தின்மீது அவை பட்டால், ஒரு திசை நோக்கியவையே பெரும்பாலும் தெறித்து வரும். இக்கற்றையை ஆய்பொருளின்மீது செலுத்திச் சிதறுவனவற்றை எண்ணுவர். பின்னர் முனையைத் தலைகீழாக்கி மீண்டும் எண்ணுவர். அவ்விரு எண்களின் விகிதம் பொருளின் உட்காந்த அமைப்பை உரைக்கும்.

இங்கே ஓர் இடர். முனைகளை ஒழுங்குபடுத்தும்போதே கற்றையின் பாதிக்கு மேல் இழக்கப்படுகிறது. பேருலை உடைய நாட்டுக்கு அது சிறு குறை. எளிய உலை உடையார்க்கோ பெருங்குறை. எனவே, கற்றை வீணாகாதவாறு கருவியைக் கச்சிதமாக அமைத்தலும், பொறுமையுடன் நெடுநேரம் எண்ணுதலும் இன்றியமையாதனவாயின.

டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4-இல் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1960-இல் 40 மெகாவாட் ஆற்றலுடைய சைரஸ் வந்தது. கனடாவில் பிராக்ஹவுசுடன் பணியாற்றித் திரும்பிய பி. கே. அய்யங்கார், நியூட்ரான் ஆய்வுக் குழுவை வளர்த்தார். அயல்நாட்டுக் கருவிகளுக்குக் காத்திராமல், தம் பட்டறையிலேயே நிறமாலைமானிகளைச் செய்தனர். அப்பத்தாண்டிலேயே என். எஸ். சத்தியமூர்த்தியும் அவர்தம் குழுவினரும் முனைப்படுத்திய நியூட்ரான் கருவியை அமைத்துக் காந்தப் பொருள்களை ஆராய்ந்தனர்.

கண்டனூர் வணிகர் கடல் கடந்து சென்றதை நாம் அறிவோம். 1960-களில் டிராம்பேயின் நியூட்ரான் நிறமாலைமானி ஒன்றும் கடல் கடந்து பிலிப்பைன்ஸ் சென்று, ஆசிய இளைஞர்க்குப் பயிற்சிக் கருவியாயிற்று. அத்துறையின் முன்னோடிகளான ஷல்லும் பிராக்ஹவுசும் 1994-இல் நோபல் பரிசு பெற்றனர். சைரஸ் 2010-இல் ஓய்வுற்றது. 1985-இல் தொடங்கிய துருவா உலையில் அம்மரபு தொடர்ந்தது.

மாணவர்களே, பெருங்கருவி இல்லை என்று வாளாவிருத்தல் வேண்டா. உள்ளதைக்கொண்டு கருவி செய்யக் கற்பவன், கருவி காட்டுவதையும் ஐயமறக் கற்பான்.