தேரும் கவாத்தும்

முல்லை என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது பாரியின் தேர். பற்றிப் படரக் கொம்பின்றி அசைந்த கொடிக்கு அவன் தன் தேரையே ஈந்த செய்தியைக் கபிலர் புறநானூற்றில் (200) பாடினார். நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் போற்றினார். அவர்கள் பாடிய முல்லை, காட்டில் தானே முளைத்த கொடி. கார்மழையன்றி அதற்குத் தோட்டக்காரர் எவருமிலர்.

ஆயினும் அக்காலத்திலேயே அவ்வினத்துக் கொடி மனைக்குக் குடிவந்துவிட்டது. முல்லை வகையெனக் கொள்ளப்படும் மௌவலை மனையில் நட்ட செய்தி நற்றிணையில் (115) உள்ளது. வீட்டு நொச்சியைச் சூழ்ந்து அது மலர்ந்ததை அகநானூறு (23) காட்டுகிறது. காட்டில் தேர் செய்த உதவியை வீட்டில் நொச்சி செய்தது. கொழுகொம்பு தருவதே கொடிக்குச் செய்யும் அன்பு என்பது நம் இலக்கியம் கற்பித்த பாடம்.

தோட்டம் கற்பிக்கும் பாடமோ வேறு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைப் பயிரிடுவோர், வெயில் நன்கு படும் நிலத்தில் 30 செ.மீ. குழியெடுத்துத் தொழுவுரமிட்டு, நீர் தேங்காமல் நாற்றை நடுவர். பின்னர் ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தழைத்து நிற்கும் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரமே எஞ்சும்படி வெட்டிவிடுவர். இதுவே கவாத்து. முல்லைக்கு இது சனவரி இறுதியில் நிகழும். அறியாதார் கண்ணுக்கு இது கொடுமை. ஆனால் அரும்பு கட்டுவது புதுத் தளிரில்தான். இரங்கிப் பழங்கிளையை விட்டுவைத்தால் தழை செழிக்கும், பூ குறையும். வெட்டுண்ட செடிக்கு மீண்டும் உரமும் நீரும் அளித்தால் பங்குனியில் பூத்துக் குலுங்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட முல்லை வகையொன்றின் பெயர் ‘பாரிமுல்லை’. தேரீந்த வள்ளலின் பெயர் தாங்கிய அக்கொடியும் ஆண்டுதோறும் கத்திக்குத் தலைதாழ்த்தியே பூக்கிறது.

ஈந்த கையை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறோம். கொய்யும் கையையும் தொடுக்கும் கையையும் பாடியுள்ளோம். பூக்கும் காலம் அறிந்து மனத்தைக் கல்லாக்கி வெட்டும் கைக்கு இன்னும் உரிய பாட்டு அமையவில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர் எவரேனும், பனிவிடியலில் கவாத்துக் கத்தியோடு நிற்கும் அவ்வுழவனைப் பாரியின் அருகே நிறுத்துவாராக.