சும்மா இருக்கும் கணினிகள்

அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறமாக அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுவே என்பது மரபு. அவருக்கு இங்கே தனிச் சன்னிதியும் உண்டு. 2009ஆம் ஆண்டு இவ்வூரில் ஒரு வாடகை வீட்டில் நண்பர்கள் சிலர் கூடி, கழித்துக்கட்டப்படவிருந்த மூன்று பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவி, அவற்றை இரவும் பகலும் ஓடவிட்டோம். எங்கள் சொந்த வேலைக்காக அல்ல. எங்கோ உள்ள ஆய்வாளர்களின் கணக்குகளைப் போட்டுக் கொடுப்பதற்காக. அதைச் சொல்லுமுன், அப்படி ஒரு வழக்கம் உலகில் எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்கு ‘ஜிம்ப்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரே பெரிய கணினிக்குக் காத்திராமல், வேலையைத் துண்டாக்கி, ஆர்வமுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளுக்குப் பங்கிட்டுத் தருவதே அதன் வழி. இவ்வழியைப் பாமரரிடமும் கொண்டுசேர்த்தது, 1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘சேட்டி அட் ஹோம்’. போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலில், வேற்றுலக அறிவின் சுவடு ஏதேனும் உண்டா என்று தேடும் திட்டம் அது. ஒரு துண்டு என்பது 107 வினாடிப் பதிவு. அளவில் ஏறத்தாழ 340 கிலோபைட். தொலைபேசி வழி இணைப்பில் ஓரிரு நிமிடங்களில் இறங்கிவிடும். ஆனால் அதை அலசி முடிக்க அன்றைய வீட்டுக் கணினிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேல். கொண்டுவருவது சிறிது, கணக்கிடுவது பெரிது என்ற இந்த விகிதமே முழு முயற்சிக்கும் அச்சாணி. அதனால்தான் வேகம் குறைந்த இணைப்புள்ள ஊர்களும் இதில் பங்கேற்க முடிந்தது.

‘கணினி சும்மா இருக்கும் நேரத்தைத் தாருங்கள்’ என்பதே அன்றைய அழைப்பு. விண்டோஸில் அது வண்ணக் கோபுரங்கள் எழும்பும் திரைக்காப்பாக ஓடியது. அழகுதான்; ஆனால் அந்தப் படத்தை வரைவதற்கே கணினியின் உழைப்பில் ஒரு பங்கு செலவாயிற்று. லினக்ஸில் பெரும்பாலோர் அதைக் கட்டளை வரியில், படமேதுமின்றி ஓட்டினர். அதிகத் துண்டுகளை முடிப்பதில் போட்டியிட்ட தொண்டர்கள் பலர் லினக்ஸ் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு காரணம்.

எல்லாத் திட்டங்களும் லினக்ஸை உடனே வரவேற்றன என்று சொல்வதற்கில்லை. ஐபிஎம் நிறுவனம் 2004 நவம்பரில் தொடங்கிய ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ முதலில் விண்டோஸுக்கு மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில்தான், பெர்க்லியில் உருவான ‘போயிங்க்’ என்ற பொது மென்பொருளின் வழியாக, லினக்ஸ் பயனர்களுக்குக் கதவு திறந்தது. போயிங்க் திறமூல மென்பொருள். அந்நியர் ஒருவரின் நிரலை வீட்டுக் கணினியில் இரவெல்லாம் ஓடவிடத் தயங்குபவர், அதைக் கொண்டுவந்து இயக்கும் மென்பொருளின் உள்ளடக்கத்தையேனும் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் வீட்டுக்குள் வந்த கதை வேறு. இங்கே பல வீடுகளில் இருந்தது உரிமம் பெறாத விண்டோஸ், கூடவே நச்சுநிரல்களும். கே.டி.இ., க்னோம் ஆகிய பணிச்சூழல்களைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிற நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் வரி வரியாகத் தமிழாக்கினார்கள். எல்காட் நிறுவனம், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. கேட்டவர்க்கெல்லாம் உபுண்டு குறுவட்டு உறையில் வைத்து இலவசமாக அஞ்சலில் வந்தது. அந்த ஏற்பாடு 2011இல் நின்றது. அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்த லினக்ஸும் அப்படித் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

எங்களுக்கு லினக்ஸ் தேவைப்பட்டதற்கு நடைமுறைக் காரணம் மின்வெட்டு. 2008 தொடங்கி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே, நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத நாள்களும் இருந்தன. மின்சாரம் திரும்பியதும் கணினி தானே உயிர்பெறும்படி அமைத்திருந்தோம். லினக்ஸில் போயிங்க் ஒரு பின்புலச் சேவையாக ஓடும்; யாரும் கடவுச்சொல் இட்டு உள்நுழையக் காத்திராமல் தொடங்கிவிடும். கணக்கு எதுவரை வந்தது என்பதை அவ்வப்போது வட்டில் எழுதிவைத்துக்கொள்வதால், விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடரும். வரைகலைத் திரையே இல்லாமல் ஓட்டியதால் 256 மெகாபைட் நினைவகமுள்ள கணினியும் ஈடுகொடுத்தது. அப்படியும் கெடு தவறிய துண்டுகள் பல. அவை வேறொரு நாட்டின் வேறொரு கணினிக்குப் போயிருக்கும்.

ஒரு கோடை இரவில் வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று கேட்டார்: “கரண்ட் வர்ற ரெண்டு மணி நேரமும் இது ஓடிக்கிட்டே இருக்கே, யாருக்குப்பா ஓடுது?” பதில் சொல்ல முயன்றோம். அப்போது அதில் ஓடிக்கொண்டிருந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘கிளீன் எனர்ஜி’ திட்டத்தின் கணக்கு. மலிவான சூரிய மின்கலத்துக்கு உதவும் கரிமச் சேர்மங்களைத் தேடுவது அது. “மின்சாரத்துக்காகத்தான் அம்மா” என்றோம். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விதான் எங்களைக் கணக்குப் போட வைத்தது. ஒரு கணினிக்கு நூறு வாட் என்று கொண்டால், நாள் முழுதும் ஓடினால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். மூன்று கணினிக்கு 432. மின்வெட்டு போக அதில் பாதி என்று வைத்தாலும், எங்கள் வீட்டின் மற்றெல்லா உபயோகத்தையும்விட அது அதிகம். ‘சும்மா இருக்கும் நேரம்’ என்ற சொல் எவ்வளவு தூரம் எங்களை ஏமாற்றியிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. சும்மா இருக்கும் கணினி குறைவாகவே மின்சாரம் உண்ணும். அணைத்துவைத்த கணினி அநேகமாக உண்பதே இல்லை. நாங்கள் தானம் செய்ததாக எண்ணியது வீணாகும் நேரத்தை. உண்மையில் கொடுத்தது, ஊருக்கே பற்றாத ஒன்றை.

ஆனால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2010இல் ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டம், அரசிபோ பதிவுகளிலிருந்து ஒரு புதிய துடிவிண்மீனைக் கண்டுபிடித்தது. அதைக் கணக்கிட்டுக் காட்டியவை அயோவாவில் ஒரு தம்பதியரின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கணினியும். ஒரே துண்டை இருவருக்குக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டு, ஒத்துவந்தால் மட்டுமே ஏற்பது இத்திட்டங்களின் வழக்கம். வீட்டுக்கார அம்மாளுக்கு நாங்கள் சொன்ன திட்டமும் 2013இல் 23 லட்சம் சேர்மங்களைப் பற்றிய விவரங்களை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இம்முறை புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைப் பக்கம் பக்கமாகப் பங்கிட்டு, பல நாடுகளில் இருந்தவர்கள் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் செய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். திருவெம்பாவையை உள்ளடக்கிய திருவாசகமும் அப்படி மின்னேறியதே. பங்கிடுதல், இரண்டாம் கண்ணால் சரிபார்த்தல் ஆகிய இரண்டும் போயிங்கில் இருப்பவையே. வேற்றுமை ஒன்றுண்டு. மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பது தெரியும். கண்ணெரிச்சலும் விரல்வலியும் உடனே கணக்குச் சொல்லிவிடும். கணினியை ஓடவிட்டு உறங்கப்போன எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரசீதுதான் சொன்னது.

சேட்டி அட் ஹோம் 2020 மார்ச் இறுதியில் புதிய துண்டுகள் தருவதை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் அரசிபோ தொலைநோக்கி இடிந்து விழுந்தது. கொரோனா காலத்தில் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டத்தில் உலகமே திரண்டதையும் பார்த்தோம்.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் இரண்டு கணினிகளை அணைத்துவிட்டோம். மூன்றாவதைப் பகலில், நாங்களே அதில் எழுதவும் படிக்கவும் செய்யும் நேரத்தில் மட்டும், பின்புலத்தில் கணக்கிட விட்டோம். முடித்த துண்டுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அடுத்த ரசீது வந்தபோது அதை வீட்டுக்கார அம்மாளிடம் காட்டினோம். தொகையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு ஓடட்டும்” என்றார்.