தமிழ்நாட்டின் ரஞ்சி சீசன்

இந்தியாவின் உள்நாட்டுப் போட்டியான ரஞ்சிக் கோப்பைக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் அணி ஆண்டுதோறும் ஆடும் பல நாள் ஆட்டங்களின் வரிசையே ரஞ்சி சீசன். 1934இல் மெட்ராஸ் என்ற பெயரில் களமிறங்கிய இந்த அணி, 2024-25 முடிய 12 முறை இறுதிப்போட்டிக்குப் போயிருக்கிறது. கோப்பையைத் தூக்கியது 1954-55, 1987-88 என இரண்டே முறை. மீதிப் பத்து முறையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அணியின் வரலாறு என்று எழுதப்போனால் பெரும்பகுதி இந்தப் பத்துத் தோல்விகளின் கதைதான்.

சொந்த மண்ணின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் அது மிக உறுதியாக நிற்கிறது. 1884இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் 1887 முதல் மாவட்டங்களுக்கு இடையே அகில அயர்லாந்துப் போட்டியை நடத்திவருகிறது. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை; கெர்ரி மாவட்டக்காரர் கெர்ரிக்குத்தான் ஆடுவார். பழைய முறையில், முதலில் நான்கு மாகாணங்களுக்குள் மோதல், அதில் தேறியவர்கள் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் மோதினார்கள். ரஞ்சிக் கோப்பையும் நெடுங்காலம் இதே அச்சில்தான் ஓடியது: தென் மண்டலத்தில் கர்நாடகம், ஐதராபாத், கேரளம், ஆந்திரம் ஆகியவற்றைத் தாண்டினால்தான் பம்பாயின் முகத்தையே பார்க்க முடியும். ஊதியத்தில்தான் வேறுபாடு. தமிழ்நாட்டு வீரர்கள் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு ஆடினார்கள்; பின்னாளில் ஆட்டமே வேலையாயிற்று.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சென்னையில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில் மெட்ராசும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. மெட்ராஸ் 130 எடுத்தது. மைசூர் மறுபடி 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, மெட்ராஸ் ஓர் இன்னிங்சும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வென்றது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். அணித்தலைவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அப்போது சேப்பாக்கம் வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. இந்தியர்களுக்கென்று புச்சிபாபு நாயுடு உருவாக்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப் தனியாக வளர்ந்தது. இரு தரப்பும் பொங்கலை ஒட்டி ஆடிவந்த பிரசிடென்சி ஆட்டம்தான் ரஞ்சிக்கு முந்தைய காலத்தில் சென்னையின் பெரிய கிரிக்கெட் திருவிழா.

கோபாலனைப் பற்றி ஒரு சொல். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகாமல் கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு டெஸ்டிலும் ஆடக் கிடைக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. அவர் பெயரால் 1950களில் தொடங்கிய கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் 1970களின் நடுப்பகுதி வரை மோதிவந்தன. டெஸ்ட் தகுதி பெறாத இலங்கைக்கு அது பெரிய மேடையாக இருந்தது.

முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரஞ்சி முழு நாக் அவுட். ஒரு தோல்வியோடு சீசன் முடிந்துபோகும். 1935-36இல் டெல்லியில் நடந்த இறுதியில் பம்பாயிடம் 190 ரன்னில் தோல்வி. 1940-41இல் சொந்த ஊரிலேயே இறுதி. ஐம்பது வயதைத் தொடவிருந்த தேவதர் தலைமையிலான மகாராஷ்டிரம் ஆறு விக்கெட்டில் வென்றுபோனது.

முதல் கோப்பை 1954-55இல் வந்தது. தலைவர் பாலு அளகனன். பின்னாளில் வானொலி வர்ணனையாளராகவும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க நிர்வாகியாகவும் அறியப்பட்டவர். இறுதி ஆட்டம் இந்தூரில், முஷ்டாக் அலியின் ஹோல்கர் அணிக்கு எதிராக. மெட்ராஸ் 478, 311; ஹோல்கர் 417, 326. நான்கு இன்னிங்சிலும் முந்நூறுக்கு மேல் ரன் குவிந்த ஓர் ஆட்டம் 46 ரன்னில் தீர்ந்தது. ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் அந்த இறுதியில் 75, 91 என ரன் எடுத்ததோடு பந்துவீச்சிலும் கைகொடுத்தார். அந்தச் சீசனோடு ஹோல்கர் என்ற அணியே இல்லாமல் போனது. அதன் இடத்தில் மத்திய பாரத அணி வந்தது. ஆக, அந்தப் புகழ்பெற்ற அணியைக் கடைசியாக வென்றது மெட்ராஸ்தான்.

1957-58இல் மண்டல லீக் முறை வந்தது. அடுத்த சீசனில் தொடங்கிப் பம்பாய் 15 ஆண்டுகள் இடைவிடாமல் கோப்பையை வைத்துக்கொண்டது. சுழற்பந்து வீச்சாளர்கள் வி. வி. குமாரும் வெங்கட்ராகவனும் ஒருசேரப் பந்துவீசிய தமிழ்நாட்டுக்குப் பம்பாயை வீழ்த்தும் தகுதி இருந்தது என்றே சொல்ல வேண்டும். 1967-68 இறுதியில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் பம்பாய் தப்பியது. 1972-73 இறுதி சேப்பாக்கத்தில் நடந்தபோது வாய்ப்பு இன்னும் நெருங்கி வந்தது. பிட்ச் முதல் நாளே திரும்பியது. பம்பாய் 151க்கு ஆட்டமிழந்தது. ஊரே கோப்பை நமதென்று எண்ணியிருக்கும். ஆனால் நம் சுழலர்களுக்கு உதவிய அதே மண்ணில் பம்பாயின் பத்மாகர் சிவால்கரும் பந்து வீசினார். 16 ரன்னுக்கு 8 விக்கெட். தமிழ்நாடு 80. பம்பாய் இரண்டாம் முறை 113 எடுக்க, தமிழ்நாடு 61க்குச் சுருண்டது. சிவால்கருக்கு இன்னும் ஐந்து விக்கெட், மற்ற ஐந்தும் அவருடைய அணியின் சோல்கருக்கு. மூன்றாம் நாள் ஆட்டம் ஒரே ஒரு பந்துதான். பந்து விழுந்தது, விக்கெட் விழுந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இந்தியாவுக்கு ஒரு டெஸ்டில்கூட ஆடாத மனிதரின் கையால் வந்த இந்தத் தோல்வி, பத்துத் தோல்விகளிலும் ஆழமானது என்பது என் கணிப்பு.

இரண்டாம் கோப்பை 1987-88இல். எஸ். வாசுதேவன் தலைமையில் வி. பி. சந்திரசேகர், டபிள்யூ. வி. ராமன், எல். சிவராமகிருஷ்ணன், டிரினிடாடிலிருந்து சென்னைக்கு வந்து தங்கிவிட்ட ராபின் சிங் எனப் பல வகைப்பட்ட ஆட்கள். சேப்பாக்கத்தில் ரயில்வே அணிக்கு எதிராக 709 ரன் குவித்து, ஓர் இன்னிங்சும் 144 ரன்னும் வித்தியாசத்தில் வென்றார்கள். அடுத்த சீசன் இன்னும் சூடு. இரானி கோப்பையில் சந்திரசேகர் 56 பந்தில் சதம் அடித்தார். பனாஜியில் கோவாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912 ரன்; அதில் ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்சில் இரண்டு முச்சதம் என்பது முதல்தர கிரிக்கெட்டில் அதுவே முதல் முறை. அர்ஜன், 1955இல் கோப்பை வென்ற கிருபாலின் மகன். 1934இன் ராம்சிங்கின் பேரன். ராமன் அந்த ரஞ்சி சீசனில் 1018 ரன் எடுத்து, 44 ஆண்டுகளாக ரூசி மோடியிடம் இருந்த சாதனையை முறியடித்தார். இவ்வளவும் செய்த அணி அந்தச் சீசனில் கோப்பை வெல்லவில்லை.

பிறகு நடந்தவற்றை விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. 1991-92இல் டெல்லியிடம், 1995-96இல் கர்நாடகத்திடம், 2002-03, 2003-04 இரு முறையும் மும்பையிடம், 2011-12இல் ராஜஸ்தானிடம் இறுதியில் தோல்வி. ராஜஸ்தான் சேப்பாக்கத்தில் 621 ரன் எடுத்து நின்றபோதே முடிவு தெரிந்துவிட்டது. ஏனென்றால், ரஞ்சி நாக் அவுட் ஆட்டம் டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைதான் வெற்றி. 2014-15 இறுதியில் கர்நாடகத்தின் கருண் நாயர் தனியாளாக 328 எடுத்தார். தமிழ்நாட்டின் முதல் இன்னிங்ஸ் மொத்தமே 134.

குறுகிய ஆட்டங்களில் கதை தலைகீழ். 50 ஓவர் விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை வென்ற தமிழ்நாடு, 20 ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 என மூன்று முறை வென்றிருக்கிறது. கடைசி இறுதியில் கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் வேண்டியிருக்க, தமிழ்நாட்டு வீரர் ஷாருக் கான் சிக்சர் அடித்தது பலர் நினைவில் இருக்கும். அப்படியானால் திறமைக்குக் குறைவில்லை. பல நாள் ஆட்டத்தில் மட்டும் என்ன தடுக்கிறது?

ஒரு காரணம் வானிலை. சீசன் பெரும்பாலும் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. பிட்ச் மீது தார்ப்பாய் மூடிக் கிடக்க, பெவிலியனில் வீரர்கள் சீட்டாடிக் கழித்த நாள்களுக்குக் கணக்கில்லை. மழையில் போன நாளுக்கு முழுப் புள்ளி யாரும் தருவதில்லை. அண்மைக் காலத்தில் கோவை, திண்டுக்கல் நத்தம், சேலம் வாழப்பாடி மைதானங்களுக்கு ஆட்டங்கள் நகர்ந்தன. 2023-24 காலிறுதியில் கோவையில் சௌராஷ்டிரத்தை ஓர் இன்னிங்சும் 33 ரன்னும் வித்தியாசத்தில் வீழ்த்தியது அப்படி ஆட்டங்கள் நகர்ந்த ஓர் ஊரில்தான்.

இன்னொரு காரணம் அணியின் வேர். ஆகஸ்டில் புச்சிபாபு நினைவுப் போட்டி, கூடவே பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கான சென்னை முதல் டிவிஷன் லீக், பிறகு ரஞ்சி என்பதுதான் பழைய ஒழுங்கு. இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக், இந்தியா சிமெண்ட்ஸ், சன்மாரின் ஜாலி ரோவர்ஸ் போன்ற கம்பெனி அணிகள் வேலையும் சம்பளமும் தந்து ஆட்களை வளர்த்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மாநிலத் தேர்வைச் சென்னைக்குள் அடைத்தும் வைத்தது. சேலம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் இருபது வயதை ஒட்டும்வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். சென்னையில் நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கி ஜாலி ரோவர்ஸ் வரை ஏறிய பிறகே, 2015 ஜனவரியில், ரஞ்சி கண்டார்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே உள்ள புதுவாயலில் இந்த அடைப்பை எளிதாகப் பார்க்கலாம். சிப்காட் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்களும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஞாயிறு காலையில் காலி மனைகளில் டென்னிஸ் பந்து ஆடுகிறார்கள். செங்கல் அடுக்கிய ஸ்டம்ப். முள்வேலியைத் தாண்டினால் அவுட். பந்து வேகமாக வருகிறது, யார்க்கர் சரியாக விழுகிறது. லெதர் பந்தும் வலையும் பயிற்சியாளரும் வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது இந்த மாவட்டத்தின் பெயரிலும் ஓர் அணி இருந்தது: திருவள்ளூர் வீரன்ஸ். உரிமையாளர் அதே வி. பி. சந்திரசேகர். ஆட்டங்களோ சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் நடந்தன. திருவள்ளூர் மாவட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை. பின்னர் அணியின் பெயர் காஞ்சி வீரன்ஸ் என்று மாறியது. சந்திரசேகர் 2019 ஆகஸ்டில் காலமானார்.

2023-24இல் ஆர். சாய் கிஷோர் தலைமையில் அணி அரையிறுதி வரை வந்தது. 53 விக்கெட்டுடன் அந்தச் சீசனில் அதிக விக்கெட் எடுத்த பந்துவீச்சாளர் அவரே. மும்பை பி.கே.சி. மைதானத்தில் டாஸ் வென்று, பச்சைப் பிட்சில் பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்து 146க்கு ஆட்டமிழந்தார்கள். மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்று மடக்கியும், ஷர்துல் தாக்கூரின் சதத்தால் ஆட்டம் கைமாறியது. ஓர் இன்னிங்சும் 70 ரன்னும் வித்தியாசத்தில் தோல்வி. டாஸ் முடிவைப் பயிற்சியாளரே செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் குறைசொன்னார். அது அறைக்குள் பேச வேண்டிய பேச்சு. 2024-25இல் ரஞ்சி இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நடுவே குறுகிய ஆட்டப் போட்டிகள் வந்தன. அந்த ஆண்டு காலிறுதியில், நாக்பூரில், விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றது.

இந்த ஆட்டங்களைப் பார்க்க வருகிறவர்கள் மிகக் குறைவு. காலி நாற்காலிகளுக்கு நடுவேதான் பெரும்பாலும் ஆடுகிறார்கள். சேப்பாக்கத்தில் ரஞ்சி நடக்கும்போது பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இருக்காது. புதுவாயல்காரர்கள் கவரைப்பேட்டையில் புறநகர் ரயிலைப் பிடித்து, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறினால், சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.