தாவலுக்கு முந்திய கணம்

கார்ட்டூன் படத்திலிருந்து பிறந்த வீடியோ கேம் என்றால், படத்தின் பெயரைச் சொல்லிச் சரக்கு விற்கும் காரியம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை இது சரியான தீர்ப்புதான். ஆனால் 1993ன் இறுதியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இரண்டு ஆட்டங்களை முன்வைத்து, ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எது கூடவே போகிறது, எது வர மறுக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம் என எனக்குப் படுகிறது. கவிதையை மொழிபெயர்ப்பது பற்றியும் நாவலைப் படமாக்குவது பற்றியும் ஓயாமல் சண்டையிடுகிறவர்களுக்கு இக்கேள்வி அந்நியமாக இருக்க நியாயமில்லை.

இரண்டின் பெயரும் அலாவுதீன். ரான் கிளெமண்ட்ஸும் ஜான் மஸ்கரும் இயக்கி, டிஸ்னி 1992 நவம்பரில் வெளியிட்ட படம்தான் இரண்டுக்கும் மூலம். ஸேகாவின் மெகா டிரைவ் கருவிக்கான ஆட்டத்தை வர்ஜின் கேம்ஸ் செய்தது. சூப்பர் நின்டெண்டோவுக்கான ஆட்டத்தை ஜப்பானின் கேப்காம் செய்தது. உரிமங்கள் கருவிவாரியாகப் பிரிந்து கிடந்ததால் நேர்ந்தது இது. வியாபாரம் தெரியாமல் செய்த உபகாரம் என்றுதான் சொல்ல வேண்டும்: ஒரே மூலத்துக்கு, ஒரே சமயத்தில், தனித்தனியாகச் செய்யப்பட்ட இரண்டு மொழிபெயர்ப்புகள் நமக்குக் கிடைத்துவிட்டன.

இவற்றைப் பேசுமுன் கொஞ்சம் பின்னே போக வேண்டும். மேடைக்கு மேடை தாவிப்போகும் இந்த ஆட்டவகையின் பிறப்பிலேயே ஒரு கார்ட்டூன் இருக்கிறது. நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோ முதலில் யோசித்தது பாப்பாய் மாலுமியை வைத்து ஓர் ஆட்டம். உரிமம் கிடைக்கவில்லை. மாலுமி, காதலி, முரட்டு எதிரி என்ற முக்கோணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதிரியை மனிதக்குரங்காக்கினார். 1981ல் டாங்கி காங் வந்தது. பின்னால் மாரியோ என்று உலகம் அறிந்த அதன் நாயகனை அன்று ஜம்ப்மேன் என்றார்கள். கார்ட்டூன் கழன்று போனபின் மிஞ்சிய ஒரு வினையே நாயகனுக்குப் பெயராயிற்று.

அதே 1981ல் டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் தங்கள் தொழிலின் பன்னிரண்டு விதிகளை ஒரு பெரிய புத்தகத்தில் தொகுத்து வெளியிட்டார்கள். செயலுக்கு முன் அதன் ஆயத்தத்தைக் காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குதிக்கப்போகிறவன் முதலில் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். வீசப்போகிற கை முதலில் பின்னால் போக வேண்டும். இந்தத் தாழ்தலில்தான் உடம்பின் எடை இருக்கிறது. அது இல்லாவிட்டால் பார்க்கிறவன் தாவலை நம்பமாட்டான்.

வீடியோ கேமின் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் அவன் எழும்ப வேண்டும். முழங்கால் மடங்குவதற்கென்று நாலைந்து சட்டகங்களை இடையில் வைத்தால் பார்க்க அழகாயிருக்கும். ஆடுகிறவன் அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். கார்ட்டூனுக்கு உயிர் தருவது எதுவோ அதுவே ஆட்டத்தை முடக்கிப்போடுகிறது.

இதை முதலில் சந்தித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்தார்கள். டிஸ்னியிலிருந்து 1979ல் வெளியேறிய டான் ப்ளூத், 1983ல் டிராகன்ஸ் லேர் என்ற ஆட்டத்துக்கு முழு அனிமேஷனை வரைந்து லேசர் தட்டில் ஏற்றினார். படம் தன்பாட்டுக்கு ஓடும். குறித்த கணத்தில் பிடியைத் தள்ளத் தவறினால் சாவுக் காட்சி வரும். உயிர் உண்டு, ஆட்டம் இல்லை. 1989ல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா செய்த ஜோர்டன் மெக்னர், தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம்பிடித்து அந்த அசைவுகளைச் சட்டகம் சட்டகமாகப் பிரதியெடுத்தார். இளவரசனுக்கு எடை வந்தது, கூடவே தாமதமும் வந்தது.

இந்தப் பின்னணியில் வர்ஜின் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும். டேவிட் பெர்ரியின் குழுவுக்காக டிஸ்னியின் அனிமேட்டர்களே தாளில் பென்சிலால் வரைந்து கொடுத்தார்கள். அவை ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் நிறம் பெற்றன. இம்முறைக்கு டிஜிஸெல் என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். ஸெல் என்பது கார்ட்டூன்காரர்கள் வண்ணம் பூசும் செல்லுலாய்டு தகடு. ஆனால் டிஸ்னி படங்களிலேயே அப்போது செல்லுலாய்டு கிடையாது! 1990ன் தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர் படத்திலிருந்தே, தாளில் வரைந்ததைக் கணினிக்குள் ஏற்றி அங்கேயே நிறம் தீட்டும் முறைக்கு ஸ்தாபனம் மாறியிருந்தது. ஆக, படமும் ஆட்டமும் பென்சில், தாள், ஸ்கேனர் என்ற ஒரே வழியில்தான் வந்தன. ஒன்று வெள்ளித்திரைக்குப் போயிற்று. மற்றது இரண்டு மெகாபைட் கார்ட்ரிட்ஜுக்குள், சாதாரணமாக 64 நிறங்களுக்குமேல் ஒருசேரக் காட்ட இயலாத கருவிக்குள் போயிற்று.

அந்த நெருக்கடியிலும் கோடு பிழைத்துக்கொண்டது. சந்தைத் தெருவில் தணல்மேல் கால் வைத்துத் துள்ளும் காவலாளி, முதுகில் குதித்தால் காறித் துப்பும் ஒட்டகம் - இவை வரையத் தெரிந்தவனின் கையிலிருந்து மட்டுமே வரக்கூடியவை. இதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை.

ஆனால் வர்ஜின் தன் அலாவுதீன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டது. ஆட்டம் நெடுக அவன் வெட்டிக்கொண்டே போகிறான். படத்தில், சந்தைத் துரத்தலின் நடுவே கத்தியைப் பிடுங்கி ஓங்குவது அவனல்ல, அவனுடைய குரங்கு அபு. காவலாளிகள் ஒரு கணம் மிரள்வார்கள். நம் எல்லோரிடமும்தான் கத்தி இருக்கிறதே என்று தலைவன் உறைக்கும்படி சொன்னதும், அபு அதைப் போட்டுவிட்டு ஓடும். அலாவுதீன் யார் என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. ரொட்டி திருடிப் பிழைக்கிறவன், அகப்படாமல் தாவுகிறவன். கடைசியில் பாம்பாக மாறிய ஜாஃபரோடு கத்தி எடுத்துச் சண்டையிட்டாலும், அவன் ஜெயிப்பது தந்திரத்தால்தான்.

கேப்காமின் ஆட்டத்தை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. 1996ல் ரெஸிடெண்ட் ஈவில் மூலம் பேர்பெற்றவர். இவருடைய அலாவுதீனிடம் கத்தி இல்லை. சில ஆப்பிள்கள் இருக்கின்றன. எதிரியின் தலைமேல் கால்வைத்து எகிறுகிறான், கம்பத்தைப் பிடித்து ஊஞ்சலாடி அடுத்த கம்பத்துக்குப் போகிறான், துணியை விரித்துக் காற்றில் இறங்குகிறான். அனிமேஷன் என்று பார்த்தால் வர்ஜினுக்கு உறைபோடக் காணாது. ஆனால் படத்தின் அந்த ஓட்டம் இதில்தான் இருக்கிறது. தான் இதைச் செய்யாதிருந்தால் ஸேகா ஆட்டத்தையே வாங்கியிருப்பேன், அதில் அனிமேஷன் மேல், கத்தியும் இருக்கிறது என்ற அர்த்தத்தில் மிகாமியே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். கலைஞன் சொல்வதாலேயே அதை ஏற்க வேண்டும் என்பதில்லை.

என் கட்சி இதுதான். தாமஸும் ஜான்ஸ்டனும் சொன்ன அந்த ஆயத்தம் ஆட்டத்தில் காணாமல் போய்விடவில்லை, இடம் மாறிவிட்டது. கேப்காம் ஆட்டத்தில் ஒரு கம்பத்தை நோக்கி நிற்கும்போது, தூரத்தை அளந்து, கட்டைவிரலை இறுக்கி, மூச்சைப் பிடித்து, பிறகு அழுத்துகிறோம். முழங்கால் மடங்குவது திரையில் இல்லை, ஆடுகிறவனிடம் இருக்கிறது. எடையும் அங்கேதான். வர்ஜின் படத்தின் கோட்டை மொழிபெயர்த்தது. கேப்காம் அதன் வினையை மொழிபெயர்த்தது. முன்னதை ரசிக்கிறேன், பின்னதையே மொழிபெயர்ப்பு என்பேன்.

இந்த எடைக்கும் வியாபாரம் விலை வைத்தது. அமெரிக்காவில் 1990ல் வந்த சட்டம் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது; கார்ட்ரிட்ஜ் ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இரண்டு மூன்று நாள் வாடகையில் முடித்துவிட்டால் யார் வாங்குவார்கள்? 1994ல் தி லயன் கிங் ஆட்டத்தைச் செய்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயி கேஸ்டில், வாடகைக்காரர்கள் எளிதில் தாண்டக்கூடாது என்பதற்காக டிஸ்னியின் வற்புறுத்தலில் ஆரம்பக் கட்டத்தையே கடினமாக்க நேர்ந்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிம்பாவைக் குரங்குகள் கைமாற்றி வீசும் அந்த இரண்டாம் கட்டத்தில் மாட்டிக்கொண்ட குழந்தைகள் ஏராளம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்தக் கணக்கு புரிகிறது: நாளை விலையாக்கும் வட்டிக் கணக்கு. ஆனால் அங்கே கட்டைவிரல் இறுகுவது கதையின் தேவையால் இல்லை. கடினம் வேறு, எடை வேறு.

2019ல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் வர்ஜினின் அலாவுதீனையும் லயன் கிங்கையும் ஒரே தொகுப்பாக மீண்டும் கொண்டுவந்தது. 2021ல் கேப்காமுடையதும் சேர்ந்தது. நான் இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப்பார்த்தது இதில்தான். பழைய ஆட்டங்கள் அழியாமல் கிடைப்பது நல்ல காரியம். டிஸ்னியே 2011ன் வின்னி த பூவுக்குப் பிறகு கையால் வரைந்த முழுநீளப் படம் எதையும் திரைக்குக் கொண்டுவராத நிலையில், அந்தப் பென்சில் கோடுகளுக்கு இப்படியும் ஒரு காப்பகம் வேண்டும்தான். ஆனால் தொகுப்பில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி மேடைமேல் திரும்ப நின்றுகொள்ளலாம். நானும் பத்து நிமிஷம் அப்படி ஆடினேன். கட்டைவிரல் இறுகவில்லை. எந்தத் தாவலிலும் எடை இல்லை. எதிரே ஓர் அழகான கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது.